ஆறாவது போர்

நீங்க எதுக்குங்க வந்திருக்கீங்க? கிரைண்டருங்களா. கல்லு சுத்தலையா, மோட்டாரே ஓடலையா? சரிங்க, அதைப் பொறவு சொல்லுங்க. மூணு மணி வரைக்கும் இங்க யாரும் யாரையும் கூப்பிட மாட்டாங்க. ஜட்ஜம்மா சாப்பிடப் போயிருக்காங்க. இப்படித் தள்ளி உக்காருங்க, இந்தப் பக்கம்தான் ஃபேன் காத்து வருது.

என்னோடது காருங்க. சாதாரணக் காரு இல்லீங்க, ஸ்போர்ட்ஸ் காரு. ரெண்டு கதவு, ரெண்டு சீட்டு. மூணாவதா ஒரு கொழந்தையக்கூட ஏத்த முடியாது. இஞ்சின் முன்னால இருக்காதுங்க, நம்ம முதுகுக்குப் பின்னால இருக்கும். முன்னால மூடியைத் தூக்கினா ஒரு தேங்கா மூட்டை வைக்கலாம். மஞ்சக் கலரு. வெளிநாட்டு வண்டி, கம்பெனி பேரு வேண்டாங்க, கன்ஸ்யூமர் கோர்ட்டு வளாகத்துல பேரெல்லாம் சொல்லாதீங்கன்னு வக்கீல் சொல்லியிருக்காரு. எனக்குப் பேச்சைக் கட்டுப்படுத்தத் தெரியாதுன்னு அவருக்கு ஒரு நெனப்பு.

எம் பேரு சென்னியப்பனுங்க. ஊரு திருச்செங்கோடு. போர்வெல் வண்டி மூணு வெச்சிருக்கேன். பீகாரு, ராஜஸ்தான், ஜார்க்கண்டு, எங்க வேணா போயிக் கேளுங்க, பூமியில நாலாயிரம் ஓட்டை போட்டிருக்கேன். ஆயிரத்து நூறு அடி வரைக்கும் போயிருக்கேன். இதை எதுக்கு மொதல்லயே சொல்றேன்னா, எதிராளி வக்கீல் காத்தாலயிருந்து ஒரே பாட்டு: மனுதாரருக்கு இஞ்சின் பத்தித் தெரியாது, தெரியாதுன்னு. முப்பது வருசமா ராத்திரி பகல் பாக்காம இஞ்சினோட படுத்து எந்திரிக்கிறவனுங்க நானு. எனக்குத் தெரியாதாம்.

ஏன் வாங்கினேன்னு கேக்கறீங்க. கேக்கலீன்னாலும் சொல்லோணும், கேஸே அங்கதான் ஆரம்பிக்குது. எஞ் சகலை ரத்தினசாமின்னு ஒருத்தரு பெருந்துறையில இருக்காரு. எஞ்சம்சாரத்தோட தங்கச்சி வீட்டுக்காரரு. புதுசா வீடு கட்டி உள்ளுக்குள்ள லிஃப்டு வெச்சாரு. ரெண்டே மாடிங்க. கிரகப்பிரவேசத்துக்கு வந்தவங்களையெல்லாம் ஏத்தி எறக்கி, ஏத்தி எறக்கி, ஐயருக்கே ஒமட்டல் வந்துருச்சு. நானும் ஏறினேன். மேல போற வரைக்கும் ரத்தினசாமி எம் மொகத்தையே பாத்துட்டு நின்னாரு. அன்னைக்குக் கீழ எறங்கறப்பவே முடிவு பண்ணீட்டேன்.

கோகிலா வேண்டாம்னா. கோகிலாங்கறது எஞ்சம்சாரம், கோகிலவாணி. "ஏனுங்க, உங்களுக்கும் முட்டி வலி, எனக்கும் முட்டி வலி. அத்தனை தாழ்வா இருக்கற வண்டியில குனிஞ்சு ஏறி நிமுந்து எறங்கறதுக்குள்ள பாதி வழி போயிரலாமே"ன்னா. அவ பி.எஸ்சி. பிசிக்ஸ் படிச்சவ. நானு பத்தாவது. அது வேற விசயம்.

புதுசு வாங்காம ஏன் பழசுன்னு எல்லாரும் கேக்கறாங்க. நீங்களே சொல்லுங்க, கன்னுக்குட்டியா வாங்கி வளக்கறவன் புத்திசாலியா, பால் கறக்கற மாட்டை வாங்கறவன் புத்திசாலியா? பழசுன்னா எவனோ ஓட்டிப் பழக்கி, பக்குவம் பண்ணி வெச்சிருப்பான். பெங்களூர்ல ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்காரரு வெச்சிருந்தாரு. அஞ்சு வருசம் ஓட்டியிருக்காரு, ஒரு கீறல் கெடையாது. பேசறப்பவே சத்தம் வராது அவருக்கு, வண்டியையும் அப்படித்தான் ஓட்டியிருப்பாரு போல. பாத்தாவே பாவமா இருந்துச்சு. வண்டியத்தான் சொல்றேன். இத்தனை பலம் இருக்கற ஒரு இஞ்சினை இப்படி அடக்கி வெச்சிருக்காரேன்னு.

நானு ஏமாளி இல்லீங்க. கோகிலாவோட ஒரு மெக்கானிக்கையும் கூட்டீட்டுத்தான் போனேன். அவருதான் வின்சென்ட்டு. அதா, அந்த வேப்ப மரத்துக்குக் கீழ கட்டம் போட்ட சட்டை போட்டுட்டு உக்காந்திருக்காரே, அவருதான். அவருதான் எதிராளி. இந்தக் கோயமுத்தூர்லயே ரேஸ் வண்டியெல்லாம் அவருகிட்டத்தான் வரும். வரும்னு சொல்லக்கூடாது, வந்துட்டிருந்துச்சு. அதுக்குப் பொறவு வர்றேன்.

வின்சென்ட்டு என்ன பண்ணினாரு, இஞ்சினுக்குள்ள ஒரு ஒயரு மாதிரி கேமராவ விட்டுப் பாத்தாரு. இஞ்சினுக்குள்ள பிஸ்டன் ஏறி எறங்கற குழாய் இருக்குதுங்களே, அதையும் போருன்னுதான் சொல்லுவாங்க. இந்த வண்டியில ஆறு போரு. போருக்குள்ள கேமரா விடறது எனக்குப் புதுசா? நாங்க ஆயிரம் அடியில விடறோம், இவரு அரை அடியில விடறாரு. ஒண்ணு ஒண்ணாப் பாத்துட்டு வந்தாரு. அஞ்சு நல்லா இருக்குன்னாரு. ஆறாவதுல கொஞ்ச நேரம் நின்னாரு.

"அண்ணா, ஆறாவது போர்ல மெல்லிசா ஒரு கோடு இருக்குது. வேண்டாங்ணா, வேற பாக்கலாம்"னாரு.

நானு அந்த மஞ்சக் கலரையே பாத்துட்டு நின்னேன். "கோடுதானே, ஓட்டை இல்லையே"ன்னேன்.

"வாங்கியே ஆகோணும்னா ஒண்ணு மட்டும் பண்ணுங்கண்ணா. ஸ்டார்ட் பண்ணின ஒடனே முடுக்காதீங்க. ஆயில் சூடாகற வரைக்கும் மெதுவா ஓட்டுங்க. அப்பறம் எத்தனை வேகம் வேணா போங்க, தாங்கும். ஆயிலு கொறையுதான்னு வாரத்துக்கு ஒருக்காப் பாருங்க. நம்ம போர்வெல் ரிக்கு வண்டியாட்டம் இது பொறுத்துக்காது."

இதைச் சொன்னாரு. சொல்லலீன்னு நானு சொல்ல மாட்டேங்க. நானு பொய் பேசறவன் இல்லை. ஆனா எப்படிச் சொன்னாரு? மெதுவாச் சொன்னாரு. இத்தனை முக்கியமான விசயத்தை ஒருத்தன் அப்படியா சொல்லுவான்? கையப் புடிச்சு, உலுக்கி, சத்தம் போட்டுச் சொல்லியிருக்கோணுமா இல்லையா? இதையேதான் நானு மனுவுலயும் எழுதச் சொன்னேன். வக்கீல் எழுத மாட்டேன்னுட்டாரு.

வண்டி வீட்டுக்கு வந்துச்சு. எங்க வீதியில எல்லாரும் காத்தால ஆறரைக்கு எந்திரிப்பாங்க. நானு ஆறு இருபதுக்கே போர்ட்டிகோவுல உக்காந்து சாவியப் போடுவேன். போட்ட ஒடனே ஒரு மிதி. என்ன சத்தங்கறீங்க. எதிர்த்த வீட்டு ஜன்னல் கண்ணாடி அப்படியே ஆடும். அவங்க வீட்ல நாய் ஒண்ணு இருந்துச்சு, அதை மாமனார் ஊருக்கே கொண்டு போயி உட்டுட்டாங்க. கோகிலா பக்கத்துல நின்னு, "ரெண்டு நிமிசம் பொறுங்க, வண்டியோட பொஸ்தகத்துலயும் அப்படித்தான் போட்டிருக்குது"ம்பா. காரு வாங்கினா கூட ஒரு பொஸ்தகம் தருவாங்கல்ல, அதை அவ கண்ணாடி போட்டுட்டு மொத வரியிலயிருந்து கடைசி வரி வரைக்கும் படிச்சா. யாராச்சும் படிப்பாங்களா? உங்க கிரைண்டர் பொஸ்தகத்தை நீங்க படிச்சீங்களா? அதான்.

ரெண்டு நிமிசம் பொறுத்தா வீதியில யாரு இருப்பா சொல்லுங்க. எல்லாரும் பல் வெளக்கப் போயிருவாங்க.

ஒருக்கா நானு பீகாருக்குப் போயிட்டேன், பத்து நாளு. கோகிலாவோட அம்மாவுக்கு ஈரோட்ல கண் ஆபரேசன். கோகிலாவே அந்தக் காரை எடுத்துட்டு தினம் போயிட்டு வந்திருக்கா. ஒரு கோளாறு இல்லை. ஆயிலு ஒரு சொட்டு கொறையலை. நானு வந்து எடுத்த மூணாம் நாளு டேஷ்போர்டுல ஆயில் லைட்டு எரியுது. இப்பச் சொல்லுங்க, இது இஞ்சின் கோளாறா இல்லையா? ஒரு வண்டின்னா யாரு ஓட்டினாலும் ஒரே மாதிரி இருக்கோணும். ஆளப் பாத்து நடந்துக்கறது வஞ்சகம். அதையும் மனுவுல எழுதச் சொன்னேன். அதுக்கும் வக்கீல் தலையத் தலைய ஆட்டீட்டு எழுதாம உட்டுட்டாரு.

லைட்டு எரியுதுல்ல, நானு சும்மா உடுவேனா. ஷெட்ல ரிக்கு வண்டிக்கு ஊத்தற டீசல் இஞ்சின் ஆயிலு பேரல் பேரலா நிக்குது. நாலு லிட்டர் ஊத்தினேன். லைட்டு அணைஞ்சு போச்சு. கோகிலா சொல்லி, வின்சென்ட்டு திருச்செங்கோட்டுக்கே வந்து அத்தனையும் எறக்கிட்டு வேற ஆயிலு ஊத்தினாரு. ஊத்தறப்ப என்னை ஒரு பார்வை பாத்தாரு. அந்தப் பார்வைய நானு மறக்கலை. எம்பட ஷெட்ல நின்னுட்டு என்னையே அப்படிப் பாக்கறதான்னு இருந்துச்சு. "அண்ணா, இனி எதுன்னாலும் ஒரு போன் பண்ணுங்க, நானே வர்றேன்"னுட்டுப் போனாரு. வந்ததுக்குக் கூலிகூட வாங்கலை. ஏன் வாங்கலைங்கறதுதான் என்னோட கேள்வி. மடியில கனம் இருக்கறவன்தானுங்களே வாங்க மாட்டான்?

அப்பறம்தான் கல்யாணம். சகலை பையனுக்குக் கல்யாணம், பெருந்துறையிலயே பெரிய மண்டபம். மாப்பிள்ளை அழைப்புக்கு எங்காருதான்னு நானே சொன்னேன். ரத்தினசாமி, "வேண்டாங்ணா, வாடகைக்கு ஒண்ணு சொல்லியிருக்கோம்"னாரு. உடுவேனா? அந்த வாடகைக் காரை நானே போன் பண்ணி வேண்டாம்னு சொல்லீட்டேன்.

சாயங்காலம் அஞ்சு மணி. மாப்பிள்ளை பட்டு வேட்டி சட்டையோட பக்கத்துல உக்காந்திருக்கான். முன்னால செண்டை மேளம், மேல ட்ரோன் கேமரா பறக்குது. முக்கா மணி நேரமா நடையா நடக்கற கூட்டத்துக்குப் பின்னால வண்டி ஊந்து ஊந்து போகுது. அந்த வண்டிய ஊர விட்டா அதுக்குக் கோவம் வராதா? லைட்டு மறுக்காவும் எரிஞ்சுது. கோகிலா ஜன்னலோட கூடவே நடந்து வந்தவ, "ஆஃப் பண்ணுங்க, தள்ளீட்டுப் போயிரலாம்"னா. மாப்பிள்ளை காரைத் தள்ளீட்டுப் போறதா? மண்டபத்து அலங்கார வளைவுக்கிட்ட வந்ததும் கேமராக்காரன் கையக் காட்டினான். ஒரு மிதி மிதிச்சேன்.

டொக்குன்னு ஒரு சத்தம். அப்பறம் டொக் டொக் டொக்குன்னு சீரா வந்துச்சு, கதவைத் தட்டற மாதிரி. அப்பறம் பொகைங்க. வெள்ளைப் பொகை இல்லை, ஊதாப் பொகை. இட்லிக் குண்டானைத் தொறந்த மாதிரி பின்னாலயிருந்து வந்து கூட்டத்தையே மூடிருச்சு. செண்டை மேளம் நின்னு போச்சு. மாப்பிள்ளை இருமறான், கதவைத் தொறக்கத் தெரியலை. ட்ரோன்ல எடுத்த படத்தை அப்பறம் பாத்தேன், நாலு நிமிசம் வெறும் பொகைதான் இருக்குது, அதுக்குள்ளயிருந்து மாப்பிள்ளையோட தலப்பா மட்டும் ஒருக்கா வந்துட்டுப் போகுது.

கடைசியில மாப்பிள்ளை மண்டபத்துக்குள்ள எதுல வந்தான் தெரியுமா? சமையல்காரங்களோட டெம்போவுல. தயிர்க் கேனுக்கு நடுவுல நின்னுட்டு வந்தான். பொண்ணு வீட்டாளுங்க வாயப் பொத்தீட்டு நின்னாங்க. ரத்தினசாமி வந்து எந் தோள்ல கைய வெச்சு, "அண்ணா, நீங்க கை நனைச்சுட்டுப் பொறப்படுங்க, மீதிய நாங்க பாத்துக்கறோம்"னாரு. லிஃப்டுல பாத்த அதே மாதிரி மொகத்தையே பாத்தாரு.

நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? நானு நேரா மறுநாளே கோயமுத்தூர் வந்தேன். வண்டிய லாரியில ஏத்தி வின்சென்ட்டு பட்டறை வாசல்ல எறக்கினேன். அவரு மறுக்காவும் அந்த ஒயரு கேமராவ விட்டுப் பாத்துட்டு, ஆறாவது போரு கீறிக் கிழிஞ்சு போச்சுண்ணா, பேரிங்கும் போச்சுன்னாரு. அப்பத்தான் எனக்குப் பளிச்சுன்னு புரிஞ்சுது. ஆயிலு மாத்தறேன்னு வந்தாருல்ல, அன்னைக்கு நல்ல பிஸ்டனை உருவிட்டு வேற எதையோ மாட்டீட்டாரு. மூணு ரேஸ் வண்டிக்காரங்க நின்னுட்டிருந்தாங்க, அத்தனை பேரு முன்னாலயும் கேட்டேன். "அண்ணா, இஞ்சினை எறக்காம பிஸ்டனை எடுக்க முடியாதுங்ணா"ன்னு மட்டும் சொன்னாரு. எனக்குத் தெரியாததையா சொல்லீட்டாரு. ஒருத்தன் மனசு வெச்சா முடியாதது என்ன இருக்குது?

வாசல்ல நின்னு வீடியோ எடுத்தோம். பட்டறை போர்டு தெரியற மாதிரி. "சொந்தங்களே, இந்தாளு ஒரு பார்ட்ஸ் திருடன், உங்க வண்டிய இங்க விடாதீங்க"ன்னு ஆறு நிமிசம் பேசினேன். எனக்கு இத்தனை பேச வரும்னு எனக்கே தெரியாது. பதினோரு லட்சம் பேரு பாத்தாங்க. மலேசியாவுலயிருந்து ஒருத்தரு போன் பண்ணிப் பாராட்டினாரு. ரத்தினசாமி லிஃப்டை எத்தனை பேரு பாத்திருப்பாங்க? எரநூறு பேரு இருக்குமா?

ரெண்டு மாசம் கழிச்சுப் பட்டறைக்கு நோட்டீஸ் குடுக்கப் போனேன். பதினாலு வண்டி நின்ன எடத்துல ரெண்டு நிக்குது. அதுல ஒண்ணு என்னோடது. ரேஸ்காரங்கெல்லாம் வேற எடத்துக்குப் போயிட்டாங்களாம். வேலையாளுங்க ரெண்டு பேரும் போயிட்டாங்க. அவரு சம்சாரம் ஸ்டெல்லா ஒரு பல் ஆஸ்பத்திரியில சீட்டு எழுதற வேலைக்குப் போறாங்களாம். வின்சென்ட்டு தனியா ஸ்டூலு மேல உக்காந்து ஏதோ ஒரு ஸ்கூட்டர் கார்புரேட்டரைத் தொடைச்சுட்டிருந்தாரு. ஒருக்கா மட்டும் போன் பண்ணினாரு. "அண்ணா, அந்த வீடியோவ எடுத்துருங்க. எம் பொண்ணைப் பள்ளிக்கூடத்துல கேக்கறாங்களாம்." அவ்வளவுதான் சொன்னாரு. தப்புப் பண்ணாதவனா இருந்தா கோவம் வந்திருக்கோணுமில்லீங்க? வரலையே. அதைவிட வேற சாட்சி என்ன வேணும்?

கேஸை எங்க ஜில்லாவுலயே போட்டிருக்கலாமுங்க. நான்தான் கோயமுத்தூர்லயே போடுங்கன்னேன். அந்தாளு ஊர்லயே நடக்கட்டும்னுதான். கோர்ட்ல ஒரு இஞ்சினியரைப் போட்டாங்க, எங்க ரெண்டு பேருக்கும் சம்பந்தமில்லாத ஆளு. அவரு வண்டியில இருக்கற கம்ப்யூட்டர்ல ஒரு ஒயரைச் சொருகினாரு. அந்தச் சனியன் புடிச்ச கம்ப்யூட்டரு எல்லாத்தையும் நெஞ்சுக்குள்ளயே வெச்சிருந்திருக்குது. இன்னைக்குக் காத்தால அந்த அறிக்கையத்தான் படிச்சாங்க. ஆயிலு சூடாகறதுக்கு முந்தி இஞ்சினை முழுசா முடுக்கினது, பழைய ஓனருகிட்ட அஞ்சு வருசத்துல நாலு தடவை. மனுதாரருகிட்ட ஒன்பது மாசத்துல எரநூத்திப் பதினேழு தடவை.

நானு எந்திரிச்சு நின்னுட்டேன். "தப்புங்கம்மா, அதுக்கு மேல இருக்கும். நானு ஒரு நாளு தவறினது இல்லை. இந்தக் கம்ப்யூட்டரையே நம்பாதீங்க"ன்னேன். வக்கீல் எஞ் சட்டையப் புடிச்சு இழுத்து உக்கார வெச்சுட்டாரு. எதுக்கு இழுத்தாருன்னு இன்னும் தெரியலை. எதிராளி வக்கீல் நோட்டுல வேக வேகமா எழுதறான். எழுதட்டும், உண்மையத்தான் சொன்னேன்.

அப்பறம் சாட்சி. பேரைக் கூப்பிட்டாங்க, கோகிலவாணின்னு. சரி, எம்பக்க சாட்சின்னு நெனச்சேன். எங்க வக்கீல் காதுல சொல்றாரு, அது அவங்க கொடுத்த பட்டியல்ல இருக்கற பேருங்கன்னு. டைப் அடிக்கறவங்க மாத்தி அடிச்சிருப்பாங்கன்னேன். காத்தால வீட்ல எனக்கு இட்லி எடுத்து வெச்சுட்டு, வேலை இருக்குது, நானு முந்தி போறேன்னு மொத பஸ்ஸுக்கே கெளம்பிட்டா. என்ன வேலைன்னு நானும் கேக்கலை.

கூண்டுல ஏறி நின்னா. ஜட்ஜம்மா கேட்டாங்க, "உங்க வீட்டுக்காரர் கேஸு. நீங்க எதிர்த்தரப்புக்குச் சாட்சி சொல்றீங்க. யாராவது வற்புறுத்தினாங்களா?"

"இல்லீங்கம்மா. நானே வின்சென்ட் அண்ணன் வீட்டுக்குப் போயி, சொல்றேன்னு சொன்னேனுங்க. அவரு வேண்டாம்னுதான் சொன்னாரு."

"என்ன சொல்லணும்?"

"போர்ல கோடு இருக்குது, வாங்காதீங்கன்னு அவரு பெங்களூர்லயே சொன்னாரு. நானு பக்கத்துல இருந்தேன். எங்க ஷெட்ல அவரு ஆயிலு மாத்தறப்பவும் பக்கத்துலயே இருந்தேன், முக்கா மணி நேரம். இஞ்சினை அவரு எறக்கவே இல்லை."

சரின்னு ஜட்ஜம்மா எழுதிட்டுப் போகச் சொன்னாங்க. இவ போகலை. கூண்டுக் கட்டையப் புடிச்சுட்டே நிக்கறா.

"இன்னொண்ணுங்கம்மா. அந்த வீடியோ. அதுல எங்க வீட்டுக்காரரு மொகம்தான் தெரியும், எம் மொகம் தெரியாது. ஆனா போனைப் புடிச்சிருந்தது எங்கைதானுங்க. பொய்யின்னு தெரிஞ்சே ஆறு நிமிசம் ஆடாமப் புடிச்சுட்டு நின்னேன். அதுவும் எழுதிக்குங்க."

ஜட்ஜம்மா பேனாவக் கீழ வெச்சுட்டாங்க. வின்சென்ட்டு தலையக் குனிஞ்சுட்டாரு. ஸ்டெல்லா அழுதுட்டாங்க.

நானு கேக்கறேன், வீடியோவப் பத்தி இப்ப யாரு கேட்டா? கேஸு இஞ்சினைப் பத்தினது. பிசிக்ஸ் படிச்சிருக்கா, இது தெரியலை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லீட்டு எறங்க வேண்டியதுதானே?

அதா, இப்பவும் பாருங்க, அவங்களோடதான் உக்காந்திருக்கா. ஸ்டெல்லா தூக்குப்போசியிலயிருந்து ஏதோ எடுத்து வெக்கறாங்க, இவ திங்கறா. பசி தாங்க மாட்டா, எப்பவுமே அப்படித்தான். சாப்பிட்டுட்டு இந்தப் பக்கம் வருவா. எனக்கு வாங்கி வெச்சிருப்பான்னுதான் நானும் இன்னும் சாப்பிடலை. ரெண்டு மூணு தடவை பாத்தேன், என்னையப் பாக்கலை. வெயில் கண்ணுல அடிக்குது போல.

மூணு மணிக்கு உத்தரவுங்க. வக்கீல் மொகத்தைப் பாத்தா சரியில்லை. அதுக்கு முந்தி ஒரு வீடியோ போட்டரலாம்னு இருக்கேன், கோர்ட்ல நடக்கற அநியாயத்தைப் பத்தி, கம்ப்யூட்டரை நம்பி மனுசனை உடறதைப் பத்தி. பின்னால அந்தக் கோர்ட்டு போர்டு தெரியோணும். ஏனுங்க, ஒரு ஒதவி பண்றீங்களா. இந்தப் போனைக் கொஞ்சம் புடிச்சுக்கங்க. ரெண்டு கையிலயும் புடிக்கோணும், ஆடக்கூடாது. இதா, இந்தச் செவப்பு வட்டத்தை அமுக்கினாப் போதும். ஆறு நிமிசம்தான்.

ஏனுங்க, எங்கீங்க எந்திரிச்சுட்டீங்க? உங்க கிரைண்டரை இன்னும் கூப்பிடலீங்களே.